மெய்ப்பொருள் நாயனார் புராணமும் கதை சொல்லும் முறையும்

கதை சொல்லுதல் எளிய தொழில் என்பது பலர் கொள்கை. சாத்திரப் பொருளை ஆராய்வோர்க்குக் கல்வி வேண்டும்; கதை சொல்வோர்க்கு நாவன்மை ஒன்றே அமையும் என அவர் கருதுவர். அக்கருத்துப் பிழைபட்டதென்பதைத் திருத்தொண்டர் புராணம் பயின்றார் நன்கறிவர். சொல்ல அறியாதார் வாய்ப்பட்ட அடியார் வரலாறு அன்பை விளைத்தற்கு மாறாக ஐயத்தை விளைத்துவிடுகின்றது. அதனால் வரும் பழி சொன்னவரைச் சாராது அடியாரைச் சார்வதே பெரிதும் இரங்கத்தக்கது.

மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றை எடுத்துக்கொள்க. போரிற் பலகாலும் தோற்ற முத்தநாதன் அடியார் வேடம் பூண்டு வந்தான், அரசர் நம்பினார், குத்துண்டு இறந்தார். இவ்வளவிற் கதையை முடிப்பின், ‘வஞ்சகனை அறியமாட்டாமை பேதைமையன்றோ’ என்னும் வினா எழுதல் இயல்பே. அங்ஙனம் வினவும் இளைஞரை நாத்திகர் என வெகுள்வாரும் உளர். வெகுளற்பாலது சொன்ன முறையேயன்றிக் கேட்டவர் அல்லர்.

இவ்வரலாறு சுந்தரமூர்த்தி சுவாமிகள் அருளிய திருத்தொண்டத்தொகையில் ஒரு தொடரளவினது. வெல்லுதலில் மிக வல்லவர் என்பதே அங்கே நாயனார்க்குச் சூட்டப்பெற்ற சிறப்பு. நம்பியாண்டார் நம்பிகள் அதனை ஒரு பாட்டாக விரித்துப் பொய்த்தவன் செயலையும், அவனைத் தத்தன் கொல்லாவண்ணம் அரசர் தடுத்ததையும் கூறினார். 12-ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் சுவாமிகள் இருபதுக்கு மேற்பட்ட பாடல்களில் இதனை அமைத்தார். குத்துண்டு வீழ்ந்தவரை வெல்ல வல்லவர் என்றது எங்ஙனம் பொருந்தும்? அவ்விரிவு முழுதும் இவ்வினாவிற்கு விடையாக எழுந்தது எனலாம்.

முதற்கண், சேக்கிழார் எதனையும் மறைத்தாரில்லை. முத்தநாதன் உள்ளத்தின் இருளையும், ஏட்டுச் சுவடிபோற் கட்டிய முடிப்பினுள் ஆயுதம் மறைந்திருத்தலையும் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகின்றார். திடீரென வெளிப்படுத்தி வியப்பூட்டுதலே கதைத்திறம் என்பார் இதனைக் குறையென்பர். அஃது அவர் அறியாமை. கேட்போர் அறிந்ததனை அரசர் அறியார். ஆதலின் பகைவன் எடுத்துவைக்கும் அடி ஒவ்வொன்றும் கேட்போர் நெஞ்சை நடுக்குகின்றது.

அவ்வடிகளையும் அவர் விரைந்து கடத்தினாரல்லர். அரண்மனை வாயில்தோறும் காவலர் கைதொழுது, அடியார் தாமே எழுந்தருளினார் என்று வழிவிடுகின்றனர். வாயில்கள் பல கடந்து, இறுதி வாயிலில் தத்தன் ஒருவனே, அரசர் துயிலும் காலம் இதுவென்று தடுக்கின்றான். சொற்பொழிவாளர் பலர் இவ்வாயில்களை விட்டுவிட்டு ஒரே பாய்ச்சலிற் பள்ளியறைக்குச் செல்வர். வேடத்தைச் சிவமெனத் தொழுதல் அரசர் ஒருவர்க்கே உரிய பித்தன்று, கடைகாவலரும் பயின்ற நாட்டொழுக்கம் என்பது இங்கன்றோ விளங்குகின்றது! மெய்கண்டார் பின்னாளிற் சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தில் வகுத்த நெறி இவ்வாயில்களில் நடையாகக் காணப்படுகின்றது. அதனைத் தனியே எடுத்து ஒரு நாழிகை உபதேசித்தல் வேண்டா. வாயில்களைச் சொன்னாற் போதும்.

உள்ளே, எங்கும் காணற்கரிய ஆகமம் கொணர்ந்தேன் என்கின்றான் முத்தநாதன். அரசர் தேவியாரை அப்பாற் போக்கி, அவனை ஆசனத்திருத்தித் தாம் தரையில் அமர்கின்றார். இனி வருவது கொலை. பெரும்புலவராகிய சேக்கிழார் அதனை எத்துணைச் சொல்லாற் சொன்னார்? முன் எண்ணியதை அவன் செய்தான் என்னும் அளவே. கத்தியின் ஒளியும் குருதியின் பெருக்கும் அங்கில்லை. அச்சிறு தொடரை அடுத்தே, வேடத்தை மெய்ப்பொருளெனத் தொழுது அரசர் வென்றார் என்கின்றார். தொகையிற் கண்ட வெற்றி இஃதே. அவர் ஒரு தொடரில் ஒதுக்கியதை ஒரு நாழிகை நடித்துக்காட்டுவோர் கேட்போர் கண்ணை வென்றவரிடமிருந்து பறித்துக் கொன்றவனிடம் செலுத்துகின்றனர்.

தத்தன் வாளோடு பாய்கின்றான். அவன் சினம் கேட்போர் சினமே. இளைஞர் வினவும் வினா அவன் வாளில் முன்னரே எழுந்துவிட்டது. வீழ்கின்ற அரசர், இவர் நம்மவர் எனத் தடுத்து, இடையூறின்றி இவரைக் கொண்டுபோய் விடுக என்கின்றார். செய்தியறிந்து சூழ்ந்த ஊராரைத் தத்தன் அரசர் ஆணை கூறி விலக்குகின்றான். கொல்ல எழுந்தவனே காவலனாய் உடன்செல்லும் இப்பகுதியில் அரசரின் வெற்றி பிறர் உள்ளத்தும் பரவுகின்றது. அறியாது நம்பினார் என்னும் குற்றச்சாட்டு இங்கே நில்லாது. வஞ்சனை வெளிப்பட்ட பின்னரும் அரசர் வேடத்தைக் காத்தார், அறிந்தே காத்தார்.

ஆறுமுக நாவலர் 1852-இல் வெளியிட்ட பெரியபுராண வசனம் செய்யுள் பயிலாதார்க்குப் பெருந்துணை. ஆயினும் பிறர்க்குச் சொல்லப் புகுவோர் வசனத்தோடு அமைதல் சாலாது. புலவர் எங்கே நின்றார், எங்கே விரைந்தார் என்பதை மூலப் பாடல்களை ஓதியே உணர்தல் வேண்டும். ஓதிப் பார்ப்பின், வாளேறுண்டதோடு இவ்வரலாற்றை முடித்தற்கு எவர்க்கும் மனம் வாராது. இடையூறின்றி விட்டேன் என்னும் ஒரு சொல்லைக் கேட்டற்கே அரசர் உயிர் தாங்கிக் கிடந்தார். தத்தன் மீண்டுவந்து அதனைச் சொன்னான். இன்று எனக்கு நீ செய்த உதவியை வேறு யார் செய்யவல்லார் என்றார் அரசர். பின்னரே உரியோரை நோக்கித் திருநீற்றன்பைக் காக்குமாறு கூறி, அம்பலத்தாடுவான் திருவடியை நினைந்தார்.