தட்டை மேசை

முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தருவது பெரும்பாலும் நோயை ஒழிக்க அல்ல. இருமலில் வரும் ரத்தத்தை நிறுத்த, மூச்சுத் திணறலைத் தணிக்க, வலியைக் குறைக்க. அதற்குத் திட்டமிட எடுக்கும் சி.டி. ஸ்கேனில் எனக்குப் பிடித்தது அதன் மேசைதான். நோயறியும் ஸ்கேனரில் படுக்கை நடுவில் குழிந்து வளைந்திருக்கும். இங்கே பலகை மாதிரி தட்டை. சிகிச்சை எந்திரத்தின் மேசையும் தட்டைதானே! இங்கே முதுகு எப்படிப் படிந்ததோ, அங்கேயும் அப்படியே படிய வேண்டும். லேசர் கோடுகள் மார்பில் வெட்டிக்கொள்ளும் இடத்தில் மையால் சின்னப் புள்ளி வைத்துவிடுவார்கள்.

படத்தின் சாம்பல் நிறமும் சும்மா இல்லை. அடர்த்தியைக் குறிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவில் தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. காற்று நிறைந்த நுரையீரலைக் கதிர் எவ்வளவு சுலபமாகக் கடக்கும் என்று கணினி இந்த எண்களிலிருந்துதான் கணக்கிடுகிறது. கட்டி மூச்சுக்குழாயை அடைத்து, நுரையீரலின் ஒரு பகுதி சுருங்கிவிட்டால் சி.டி. தடுமாறும், கட்டியும் சுருங்கிய பகுதியும் ஏறத்தாழ ஒரே சாம்பல். அப்போது பெட் ஸ்கேன் கைகொடுக்கும். ஊசியில் ஏற்றிய கதிரியக்கச் சர்க்கரையைக் கட்டி அதிகம் இழுத்துக்கொண்டு தனியே ஒளிரும்.

ஆனால் எல்லாப் படமும் எல்லாருக்கும் வேண்டியதில்லை. சிலருக்கு 8 கிரே கதிர்வீச்சை ஒரே தடவையில் தந்து அனுப்புவதும் உண்டு. ஏற்கெனவே எடுத்த சி.டி.யை வைத்தே திட்டமிட்டு, சிகிச்சை மேசையிலேயே படமெடுத்துச் சரிபார்க்கும் முறையும் வந்திருக்கிறது. மூச்சு வாங்குகிறவருக்கு ஓர் அலைச்சல் மிச்சம். என் ஓட்டு அதற்கே.