இரண்டு அடிக்கோடு பூட்டு இல்லை

பைத்தான் பாடங்களில் அடிக்கடி கண்ணில் படும் வரி: பெயருக்கு முன்னால் இரண்டு அடிக்கோடு போட்டால் அந்தப் பண்பு 'பிரைவேட்' ஆகிவிடும். ஆகாதுங்க. பைத்தான் 3-ல் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால் தமிழிலேயே பார்ப்போம். 'கணக்கு' என்ற கிளாஸுக்குள் __இருப்பு என்று எழுதினால், பைத்தான் அதை _கணக்கு__இருப்பு என்று மாற்றி வைத்துக்கொள்கிறது. அவ்வளவுதான். அந்த முழுப் பெயரைச் சொன்னால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம்.

இதைவிட மோசம், வெளியே நின்று க.__இருப்பு = 0 என்று எழுதினால் பிழையே வராது. அதே பெயரில் புதுசா ஒரு பண்பு முளைக்கும், உள்ளே இருக்கும் தொகை அப்படியே இருக்கும். சோதித்துப் பார்க்கும் மாணவர் 'ஆஹா, பூட்டு வேலை செய்யுது' என்று நம்பிவிடுவார். தப்பான பாடத்துக்குச் சரியான மாதிரி தெரியும் நிரூபணம்!

இந்த ஏற்பாடு வந்ததே வேறு வேலைக்கு: வழித்தோன்றல் கிளாஸ் எழுதுபவர் தெரியாமல் அதே பெயரை வைத்தாலும் இரண்டும் மோதிக்கொள்ளக் கூடாது. 'இது உள்வேலை, தொடாதீங்க' என்று சொல்ல ஒற்றை அடிக்கோடு போதும். அதுவும் வெறும் மரபுதான். தொகை பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்றால் பிராப்பர்ட்டி எழுதி அங்கே சரிபார்க்கணும். கடவுச்சொல்லை இரண்டு அடிக்கோட்டுக்குப் பின்னால் ஒளித்து வைப்பவர்கள், அந்த ஆப்ஜெக்ட் மேல் ஒருமுறை 'வார்ஸ்' ஃபங்ஷனை ஓட்டிப் பாருங்கள்.