ஐயாஷும் முத்ரஃபும்

அன்பர் ஒருவர் தம் பேரனுக்கு ‘ஐயாஷ்’ என்று பெயர் சூட்ட விழைந்தார். உர்து பேசும் ஆம்பூர்ச் சம்பந்தி வீட்டார் முகம் சுளித்தனர். சிற்றின்பத்தில் மூழ்கிக் கிடப்பவனையல்லவா அப்படிச் சொல்வது என்றனர். அன்பர் நினைத்ததோ நபித்தோழர் ஐயாஷ் இப்னு அபீரபீஆ (ரலி) அவர்களை. அபூஜஹ்லின் தாய்வழிச் சகோதரராயிருந்தும் இஸ்லாத்தைத் தழுவி, வஞ்சகத்தால் மக்காவுக்குத் திரும்பிச் சிறைப்பட்டவர் அவர். அவருடைய விடுதலைக்காக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் இறைஞ்சினார்கள்.

இரு வீட்டார் சொன்னதும் சரியே. அரபியில் ‘ஐஷ்’ என்றால் வாழ்வு. கெய்ரோவில் அது ரொட்டி. வளைகுடாப் பேச்சில் சோறு. 2011-இல் எகிப்தியர் தெருவிலிறங்கி எழுப்பிய முழக்கத்தின் முதற்சொல்லும் இதுவே. பாரசீகத்தின் வழியாக உர்துவுக்கு வந்த ஐஷ், சுகவாழ்வாகிப் பின் ‘இஷ்ரத்’தோடு இணைந்து களியாட்டமாயிற்று. அந்த இஷ்ரத்தும், பாவம், அரபியில் கூடிப் பழகுதலையே குறிக்கும்!

மிகையின்பத்தைச் சாடத் திருமறை ஐஷை நாடவில்லை. அவ்வேரில் பிறந்த சொல்லை, நன்மையின் எடை கனத்தவர் பெறும் நிறைவான வாழ்வுக்கே 101-ஆம் அத்தியாயத்தில் ஆள்கிறது. சாடுவதற்கு அது கொண்ட சொல் ‘முத்ரஃப்’. இதனைச் ‘சுகபோகி’ என்று பெயர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சுகபோகி தானே இன்பத்தைத் தேடி நுகர்பவன். முத்ரஃப் என்பதோ செயப்பாட்டுச் சொல், செழிப்பு கொடுக்கப்பட்டவன். 23:33-இல் அச்செழிப்பை அளித்தவன் தானே என்று இறைவன் உரைக்கிறான். 34:34-இல், எச்சரிக்க வந்த தூதர்களை எந்த ஊரிலும் மறுத்துப் பேசியவர்கள் இவர்களே. அங்கே மதுக்கிண்ணமும் இல்லை, ஆடல் பாடலும் இல்லை. குறையேதுமற்ற வாழ்வு செவியை அடைத்துவிட்ட நிலைதான் உள்ளது.

மொழிபெயர்ப்பாளர் இதைச் சிறு வேறுபாடென்று தள்ளலாம். ஆனால் ‘சுகபோகி’ எனப் படித்ததும் நாம் யாரோ ஒரு நவாபை எண்ணி நிம்மதியடைகிறோம். ‘முத்ரஃப்’ நம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. தகப்பன் துபாய் வெயிலில் ஈட்டி அனுப்ப, கேட்டதெல்லாம் கேட்குமுன் கிடைத்து வளரும் பிள்ளையையும் அது தொடும். அவன் எந்தக் களியாட்டத்துக்கும் போகாதவனாகவே இருக்கலாம்.

‘செழிப்பில் திளைக்க விடப்பட்டோர்’ என்று நான் எழுதுவேன். நீளந்தான்; ஓதுகையில் நாவுக்கும் சற்றே இடறும். இதனினும் செறிவான சொல் வைத்திருப்போர் தந்தால் ஏற்றுக்கொள்வேன்.

பேரனுக்கு ஐயாஷ் என்றே பெயர் வைத்தாயிற்று. ஆம்பூரார் மட்டும் இன்னும் ‘பாபு’ என்றே அழைக்கிறார்களாம்.