லத்தீனில் வள்ளுவர்

வீரமாமுனிவர் திருக்குறளை லத்தீனில் மொழிபெயர்த்தபோது காமத்துப்பாலை விட்டுவிட்டார். இதைச் சொல்லி அவர்மேல் வருத்தப்படாத தமிழாசிரியரை நான் பார்த்ததில்லை. பாதிரியார் அல்லவா, கூசியிருப்பார் என்று சிரிப்பவர்கள் உண்டு. வள்ளுவரை அங்கஹீனப்படுத்திவிட்டார் என்று கோபிப்பவர்களும் உண்டு. இரண்டு கட்சியிலும் எனக்கு இடமில்லை. அவர் விட்டுவிட்டது பெரிய தீங்கல்ல, எடுத்துக்கொண்டதில்தான் விஷயம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். இதை விளக்க, கொஞ்சம் சுற்றி வளைத்து இத்தாலிவரை போய்வர வேண்டும்.

கொன்ஸ்தாந்தின் ஜோசப் பெஸ்கி இத்தாலியில், மாந்துவாவுக்குப் பக்கத்தில் காஸ்திலியோனே என்ற ஊரில், 1680-ல் பிறந்தவர். மகாகவி வர்ஜில் பிறந்த சீமை அது. இயேசு சபைத் துறவியாகி 1710-ல் கோவாவில் வந்து இறங்கி, மதுரை மிஷனைச் சேர்ந்து, தமிழ் படித்து, 1726-ல் தேம்பாவணியைப் பாடி முடித்தார். 1730-ஐ ஒட்டிக் குறளின் முதல் இரண்டு பால்களையும் லத்தீனாக்கினார். அறத்துப்பாலில் 38 அதிகாரம், பொருட்பாலில் 70, ஆக 108. அதோடு பேனாவை வைத்துவிட்டார்.

அவர் கையில் இருந்த லத்தீன் எப்படிப்பட்டது என்பதை நம்மவர்கள் யோசிப்பதில்லை. நமக்கு லத்தீன் என்றால் கோவில் லத்தீன். எங்கள் கடற்கரை ஊர்களில் 1960-கள்வரை அந்த மொழியில்தான் பூசை நடந்தது. ஆனால் இயேசு சபையாரின் பள்ளிகளில் கற்றுக் கொடுத்த லத்தீன் வேறு. 1599-ல் அவர்கள் வகுத்த பாடத்திட்டத்தில் உரைநடைக்கு சிசரோ, தத்துவத்துக்கு அரிஸ்டாட்டில். அதாவது கிரேக்கர்களின் சிந்தனையைச் சுமந்து சுமந்து பழகிய லத்தீன். இன்று ஆங்கிலத்தில் நாம் சரளமாகச் சொல்லும் 'மாரல்' என்ற சொல்லின் மூலமான 'மொராலிஸ்', ஒரு கிரேக்கச் சொல்லுக்கு ஈடாக சிசரோ உண்டாக்கியது. அந்த மொழியில் வேறோர் இனத்தாரின் ஒழுக்க நூலைப் பெயர்ப்பது புதுப் பாதை அல்ல, வண்டித் தடம் விழுந்த பாதை.

அந்தத் தடம் அழுத்தமாக விழுந்தது 15-ஆம் நூற்றாண்டில், பிளாரன்ஸ் நகரத்தில். லியோனார்தோ புரூனி என்பவர் அரிஸ்டாட்டிலின் ஒழுக்க நூலை 1416-17-ல் மறுபடியும் லத்தீனாக்கினார். மறுபடியும் என்று சொல்லக் காரணம், அதற்கு 13-ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பு ஒன்று ஏற்கனவே இருந்தது. அது சொல்லுக்குச் சொல் வைத்த கட்டைத்தனமான காரியம். சொல் கிடைக்காத இடத்தில் கிரேக்கச் சொல்லையே அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தது. புரூனிக்கு அது பொறுக்கவில்லை. லத்தீனில் இல்லாத சொல்லா, ஏன் பிச்சை எடுக்க வேண்டும் என்று கேட்டார். நம் தனித்தமிழ்க்காரர்கள் கேட்ட அதே கேள்வி, அதே தொனி!

புரூனி ஒரு காரியம் செய்தார். அரிஸ்டாட்டில் 'நன்மை' என்று பொதுவாகச் சொல்லும் ஒரு சொல்லை, சில இடங்களில் 'உச்சமான நன்மை' என்று லத்தீனில் எழுதிவிட்டார். சிசரோவின் வாக்கு அது, காதுக்கு அழகு. ஆனால் ஒரு அடைமொழி சேர்ந்ததும் அரிஸ்டாட்டில் வேறோர் இடத்துக்குப் போய்விடுகிறார். பழைய மொழிபெயர்ப்பில் ஊறியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். அவர்களில் கெட்டிக்காரர் அலோன்ஸோ தெ கார்த்தஹேனா என்ற ஸ்பானியர். பின்னால் புர்கோஸ் நகரத்து ஆயரானவர். அவருக்குக் கிரேக்கம் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொண்டுதான் வாதத்துக்கு இறங்கினார். அரிஸ்டாட்டில் பகுத்தறிவோடு பேசுபவர், ஆகவே எந்த லத்தீன் வாசகம் பகுத்தறிவுக்கு ஒத்து வருகிறதோ அதுதான் அரிஸ்டாட்டில் சொன்னது. கிரேக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது இரண்டாம் பட்சம். இதுதான் அவர் கட்சி.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. லத்தீனும் கிரேக்கமும் தெரியாத, கல்லூரியைப் பாதியில் விட்ட நான் அந்த மனிதரைக் கிண்டல் செய்வது பொருந்தாதுதான். ஆனால் நம் ஊரில் குறளுக்கு உரை எழுதுகிறவர்களில் பாதிப்பேர் கார்த்தஹேனாவின் சீடர்களல்லவா? வள்ளுவர் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார் என்று முதலில் தீர்மானம். பிறகு சொல்லுக்குப் பொருள்.

புரூனியின் வேறொரு காரியம் நம் கதைக்கு இன்னும் நெருக்கம். பிளேட்டோவின் காதல் பற்றிய இரண்டு உரையாடல்களில் சில பகுதிகளை அவர் மொழிபெயர்த்தார். பிளேட்டோ பேசுவது பெரும்பாலும் ஆண்கள் இளைஞர்கள்மேல் கொள்ளும் காதலை. புரூனி கத்தரியை எடுத்தார். கூச்சமான இடங்களை வெட்டினார், வெட்ட முடியாததைப் பூசி மெழுகினார்.

அவருக்கு அடுத்த தலைமுறையில் மார்சிலியோ பிச்சீனோ வருகிறார். கோசிமோ தெ மெடிச்சி என்ற பெரும் செல்வந்தர் இவருக்குக் கிரேக்க ஏடுகளும் ஊருக்கு வெளியே ஒரு வீடும் கொடுத்து, பிளேட்டோ முழுவதையும் லத்தீனாக்கச் சொன்னார். 1484-ல் அது அச்சில் வந்தது. பிளேட்டோ முழுமையாக லத்தீனில் கிடைத்தது அப்போதுதான். பிச்சீனோ ஏறக்குறைய எதையும் விடவில்லை. புரூனி கூசி விட்ட இடங்களும் அதில் உண்டு. ஆனால் 1469-ல் அவர் காதல் உரையாடலுக்கு எழுதிய உரையைப் பார்க்க வேண்டும். உடல் அழகு ஆன்ம அழகின் நிழல், ஆன்ம அழகு இறைவன் முகத்தின் ஒளி, ஆகவே காதல் என்பது ஆன்மா கடவுளிடம் திரும்பிச் செல்லும் வழி என்று ஏணி கட்டிவிடுகிறார். உடம்பு படாத உறவை இன்றைக்கும் 'பிளேட்டானிக்' காதல் என்கிறோமே, அந்தப் பிளேட்டோ கிரேக்கர் அல்ல. பிச்சீனோ வீட்டில் வளர்ந்தவர்.

வெட்டிய புரூனியால் நெடுநாள் சேதமில்லை. வெட்டிய இடம் வெட்டியதாகத் தெரிகிறது. கிரேக்கம் படித்த அடுத்த ஆள் அதை நிரப்பிவிடலாம். முழுவதையும் கொடுத்து, கூடவே ஒரு பொருளையும் கொடுத்த பிச்சீனோதான் பல நூற்றாண்டுகள் பிளேட்டோவின் குரலாக இருந்தார். அதற்காக அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர் இல்லையென்றால் ஐரோப்பா பிளேட்டோவை அவ்வளவு ஆசையாகப் படித்திருக்காது. நம்மாழ்வார் நாயகியாக நின்று ஏங்கிய பாட்டுக்களை ஆன்மாவின் ஏக்கமாக விரித்த ஈட்டு வியாக்கியானக்காரர்களும் இதே பரம்பரைதான். நம்மாழ்வாரின் தாயார் பிறந்த ஊராகச் சொல்லப்படும் திருப்பதிசாரம் எங்கள் பக்கத்தில் இருக்கிறது. அங்கே போய் இந்தப் பாட்டில் மனுஷக் காதலும் இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். தேரூர்க் கவிமணி தமிழாக்கிய உமர்கய்யாமின் கிண்ணத்தில் இருப்பது மதுவா அருளா என்ற வழக்கும் இன்னும் தீர்ந்தபாடில்லை.

இனி பெஸ்கிக்கு வருவோம். காமத்துப்பால் விஷயத்தில் அவர் புரூனியைவிட நேர்மையானவர். பூசி மெழுகவில்லை, மொத்தமாக விட்டார். அந்தக் குறை தீர்ந்தும் போயிற்று. 1856-ல் கார்ல் கிரவுல் ஜெர்மன் மொழியில் குறளைக் கொண்டுவந்தபோது, மனிதனின் மூன்று இலக்குகளைப் பற்றிய நூல் என்று தலைப்பிலேயே போட்டார். 1886-ல் ஜி. யு. போப் மூன்று பாலையும் ஆங்கிலத்தில் கொடுத்து, பெஸ்கியின் லத்தீனையும் அதே புத்தகத்தில் சேர்த்து அச்சிட்டார்.

நிரம்பாத பள்ளம் வேறு. போப் அறத்துக்கு 'வெர்ச்யூ' என்று போட்டார். ஆங்கிலத்தில் அது லத்தீன் 'விர்த்தூஸ்' என்பதன் பேரப்பிள்ளை. 'விர்' என்றால் ஆண்மகன். விர்த்தூஸ் முதலில் ஆண்மை, வீரம். கிரேக்கர்கள் ஒரு மனிதனின் சிறப்பைக் குறித்த 'அரெத்தே' என்ற சொல்லுக்கு ரோமர்கள் அதைப் போட்டார்கள். கிறிஸ்தவம் அதையே நற்குணமாக்கியது. நான்கு கை மாறிய அந்தச் சொல் கடைசியில் அறத்தின் தலையில் வந்து உட்கார்ந்தது.

உட்கார்ந்ததில் என்ன கெட்டுப்போயிற்று? விர்த்தூஸ் ஒரு மனிதனுக்குள் இருக்கும் குணம். அறம் மனிதனுக்கு வெளியிலும் நிற்கிறது. சிலப்பதிகாரத்தில் அது பிழை செய்த அரசனின் உயிரை வாங்கும் கூற்றாக வருகிறது. வழக்காடு மன்றத்துக்கு அறங்கூறவையம் என்று பெயர். ஏழைக்குச் சோறு போடும் இடம் அறச்சாலை. வயிறெரிந்த புலவன் அறம் பாடினால் வீடு விளங்காது என்று பயப்படுகிறோம். நற்குணம் யாருடைய வீட்டை அழிக்கும்? அறத்தை வெர்ச்யூ ஆக்கினதும் அதிலிருந்த பயங்கரம் போய்விடுகிறது; பள்ளிக்கூடத்தில் வைப்பதற்குத் தோதான பண்டம் மிஞ்சுகிறது. இந்தப் பொருளைத்தான் பிற்பாடு ஆங்கிலம் படித்த நம்மவர்கள் திருப்பி வாங்கி, அறம் என்றால் நல்லொழுக்கம் என்று நமக்கே சொல்லிக் கொடுத்தார்கள்.

ஐரோப்பியரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நமக்கே ஒரு பிச்சீனோ உண்டு: பரிமேலழகர். அவரும் ஒரு குறளைக்கூட விடவில்லை. காமத்துப்பாலுக்குக் கடைசிவரை ரஸித்து உரை எழுதியிருக்கிறார். அவரளவு இலக்கணக் கூர்மையும் சொற்செட்டும் உள்ள உரைகாரர் அபூர்வம். ஆனால் வாசலிலேயே அறம் என்பது மனு முதலிய நூல்கள் விதித்ததைச் செய்வதும் விலக்கியதை ஒழிவதும் என்று வரையறுத்துவிடுகிறார். வள்ளுவர் மூன்று பொருள் சொன்னார். வடநூல் மரபில் நான்கு. நான்காவதான வீடு சொல்லுக்கு எட்டாததால் துறவறத்தின் வாயிலாகக் குறிப்பாகச் சொல்லப்பட்டது என்று நான்காக்கிக் கணக்கை நேர் செய்துவிடுகிறார். கார்த்தஹேனா கேட்டிருந்தால் கட்டித் தழுவியிருப்பார். பரிமேலழகரை ஒதுக்கிவிட்டுப் படிக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சட்டையைக் கழற்றிவிட்டு அந்த லத்தீன் சட்டையைத்தான் போட்டுக்கொள்கிறார்கள். மனு போய் மாரல் வந்தது. வள்ளுவர் எப்போதும்போல் வெளியே நிற்கிறார்.

காமத்துப்பாலை விட்டதற்காகப் பெஸ்கியைக் கோபிக்கிறோம், சரி. நாம் என்ன செய்கிறோம்? எங்கள் ஊரில் ஒரு பெரியவர் இருந்தார். குறளைத் தலைகீழாகவும் சொல்லக்கூடியவர். மாலையில் திண்ணையில் பிள்ளைகளை உட்கார்த்தி வரிசையாகச் சொல்லுவார், 1080-ல் நிறுத்திவிடுவார். "மிச்சம் எங்க பாட்டா?" என்று ஒருவன் கேட்டான். "அது ஒனக்குக் கல்யாணம் ஆனப்பொறவு, போலே" என்றார். கிழவராவது கல்யாணத்துக்குப் பிறகு என்று ஒரு கெடு சொன்னார். 2016-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஆறு முதல் பன்னிரண்டு வகுப்புவரை மாணவர்களுக்குக் குறளைப் பாடமாக்கச் சொன்னது. எத்தனை அதிகாரம்? 108. பெஸ்கி மொழிபெயர்த்த அதே 108.

கன்னியாகுமரியில் 2000 ஜனவரி 1-ல் திறந்த வள்ளுவர் சிலை இந்த வகையில் தாராளமானது. மொத்தம் 133 அடி. 38 அடிப் பீடம் அறத்துப்பால், அதன்மேல் 95 அடி உருவம் மற்ற இரண்டு பாலும். கணபதி ஸ்தபதி யாரையும் விட்டுவிடவில்லை. ஆனால் அதுவும் ஒரு உரைதானே? பொருளும் இன்பமும் ஒரே உடம்பாகி அறத்தின்மேல் நிற்கின்றன. பீடமே அறம் என்றால், இன்பத்துக்குத் தனிக் கால் கிடையாது. கல்லில் எழுதிய உரை என்பதால் மறுத்து எழுதுவதும் சிரமம்.

போப்பும் இந்த வழியில்தான் காமத்துப்பாலுக்குள் நுழைந்தார். பல வருஷங்கள் அதைப் படிக்கவே தயங்கினாராம். அறத்தை இவ்வளவு தூய்மையாக எழுதியவர் அசிங்கமாக எழுதியிருக்க முடியாது என்ற எண்ணம் வந்த பிறகே திறந்தார். அதாவது அறத்துப்பால் காமத்துப்பாலுக்கு ஜாமீன் கொடுத்தது. ஜாமீன் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஏன் புத்தகத்தைப் பின்னாலிருந்து படிக்கக் கூடாது? காமத்துப்பாலில் வள்ளுவர் யாருக்கும் புத்தி சொல்லுவதில்லை. ஒருத்தி தன் நெஞ்சோடு சண்டை போடுகிறாள், கண்ணைத் திட்டுகிறாள், கனவுக்கு நன்றி சொல்லுகிறாள். 13-ஆம் அதிகாரத்தில் அடக்கமுடைமையை எழுதியவர் 126-ஆம் அதிகாரத்தில் நிறையழிதலை எழுதுகிறார். அவள் நிறை அழிந்ததற்கு ஒரு சொல் கண்டிப்பில்லை. இந்த மனிதர் சொன்ன அடக்கம் எப்படிப்பட்ட அடக்கமாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டு முன்னால் போனால், அறத்துப்பாலிலேயே பல குறள்கள் உபதேச முகத்தைக் கழற்றிவிடுகின்றன. பரிமேலழகர் ஏணியை மேலே கட்டினார். நான் கீழே இறங்கிப் பார்க்கச் சொல்லுகிறேன்.

மொழிபெயர்ப்பாளனைத் திணற அடிக்கும் இடமும் அங்கேதான். 35-ஆம் அதிகாரத்தின் பெயர் துறவு. 114-ஆம் அதிகாரத்தின் பெயர் நாணுத்துறவுரைத்தல். காதலில் வெந்தவர்கள் வெட்கத்தை விட்டுவிட்டதைச் சொல்லும் அதிகாரம். சாமியார் உலகத்தை விடுவதற்கும் இவர்கள் வெட்கத்தை விடுவதற்கும் ஒரே சொல். பரிமேலழகரின் கணக்குப்படி முதல் துறவின் வழியாகத்தான் வீடு உள்ளே வருகிறது. இரண்டாவது துறவு ஊருக்குள் மடலேறும் பேச்சில் போய் முடிகிறது. பெஸ்கி தாமும் துறவி. முதல் துறவுக்கு அவர் லத்தீனில் சொல் கண்டுவிட்டார். 108-ல் நிறுத்தாமல் இன்னும் ஆறு அதிகாரம் போயிருந்தால், அதே சொல்லை இங்கேயும் போட்டிருப்பாரா என்பதுதான் அவரிடம் எனக்குக் கேட்க வேண்டியிருக்கிறது.