மலிவு யாருக்கு?

கல்முனையிலிருந்து தெற்கே நெடுஞ்சாலை வழியாக ஏறத்தாழ 70 கிலோமீற்றர் சென்றால் பொத்துவிலை அடையலாம். அதற்குச் சற்று அப்பால் அறுகம்குடா இருக்கிறது. அலைமேல் பலகையூன்றி விளையாடுவதற்காக உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் ஆண்டுதோறும் அங்கே வருகின்றனர். சிலர் சில நாட்களில் திரும்பிவிடுகின்றனர்; வேறு சிலர் மாதக்கணக்கில் தங்கிவிடுகின்றனர். ஏன் தங்குகிறீர்கள் என்று கேட்டால், கடலின் அழகுக்கு அடுத்தபடியாக அவர்கள் கூறும் காரணம், இங்கே வாழ்க்கைச் செலவு குறைவு என்பதாகும். அதே கரையில், கல்முனையிலிருந்து கொழும்புக்குப் புறப்படும் இரவு பஸ் வண்டியில் கடவுச்சீட்டுடன் அமர்ந்திருப்போரை நோக்குவோம். அவர்கள் கட்டாருக்கும் குவைத்துக்கும் சவூதி அரேபியாவுக்கும் செல்வோர். அவர்கள் கூறும் காரணம், இங்கே வாழ்க்கைச் செலவைத் தாங்க முடியவில்லை என்பதாகும்.

ஒரே கரை ஒருவருக்கு மலிவாகவும் மற்றவருக்குத் தாங்கொணாததாகவும் இருப்பது எவ்வாறு? நம் இலக்கியம் இக்கேள்வியை எதிர்கொண்டதா? இவ்விரண்டையும் ஆராய்வதே நமது நோக்கம்.

மலிவு என்பது ஓர் ஊரின் இயற்கைக் குணமன்று. எந்த நாணயத்தில் உழைத்து எந்த நாணயத்தில் செலவிடுகிறோம் என்பதைப் பொறுத்தே அது அமைகிறது. 2022ஆம் ஆண்டின் நெருக்கடி இதனை நம் கண்முன்னே நிறுவிக் காட்டியது. அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பொருள்களின் விலையேற்றமோ 94.9 சதவீதம். டொலர் வைத்திருந்தவனுக்கு விலையேற்றத்தின் பெருஞ்சுமையை நாணய வீழ்ச்சியே ஈடுசெய்தது. ரூபாவில் கூலி பெற்ற நெசவாளிக்கும் மீனவனுக்கும் அத்தகைய ஈடு எதுவும் இல்லை. அவ்வோராண்டில் மட்டும் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்காக இந்நாட்டைவிட்டுச் சென்றோர் தொகை மூன்று இலட்சத்தைத் தாண்டியது.

ஆயினும் கல்முனையின் கதை 2022இல் தொடங்கியதன்று. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் விலையேற்றம் வளைகுடா நாடுகளில் வேலையைப் பெருக்கியது. 1977இன் திறந்த பொருளாதாரம் உள்நாட்டுக் கைத்தறிக்கு இருந்த காப்பை அகற்றியது. மருதமுனையின் தறிகள் அதன் விளைவை அறியும். 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் நிறுவப்பட்டபோது, மனித உழைப்பை ஏற்றுமதி செய்வது அரசின் கொள்கையாகவே ஆயிற்று. இவற்றோடு உள்ளூர்க் காரணம் ஒன்றும் உண்டு. கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலப்பரப்பில் நமது ஊர்கள் நெருங்கி அமைந்துள்ளன. பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தே மணம் முடிக்கும் வழக்கமும் இங்கு வேரூன்றியுள்ளது. மனைநிலத்தின் விலை ஏற ஏற, மகளுக்காக உம்மாவும், தங்கைக்காக நானாவும் கடல் கடக்கின்றனர்.

அறுகம்குடாவின் விருந்தினரும் கல்முனையின் பணிப்பெண்ணும் செய்வது ஒன்றே என்று சிலர் வாதிடலாம். இருவரும் வலுவான நாணயத்தில் உழைத்து, வலுவற்ற நாணயத்தில் செலவிடுகிறார்கள் அன்றோ? உண்மைதான். ஆனால் அவர் தம் வாழ்வையே இங்கே கொண்டுவந்து அந்த மலிவை நுகர்கிறார். இவளோ பணத்தை மட்டுமே ஊருக்கு அனுப்ப முடியும். வாழ்வு அங்கே அந்நியர் சமையலறையில் கழிகிறது. 55 வயதைக் கடந்த வெளிநாட்டவர் 15,000 டொலர் வைப்பிலிட்டு, மாதந்தோறும் 1,500 டொலர் தருவித்தால், இங்கே வாழலாம் என வீசாத் திட்டமொன்றை நமது அரசு வகுத்தது. நம் பணிப்பெண்ணுக்குத் தன் குழந்தையை உடன் அழைத்துச் செல்லும் உரிமை எந்த வீட்டில் கிடைத்தது? கஃபாலா முறை தொழிலாளியை எசமானரோடு பிணைத்து வைத்தது. 2021இல் சவூதி அரேபியா அதனைத் தளர்த்தியபோதும் வீட்டுப் பணியாளர் புறம்பாகவே விடப்பட்டனர்.

இனி இலக்கியத்துக்கு வருவோம். வெளிநாடு சென்றோரைப் பற்றி நம்மிடையே எழுதப்படும் கதைகளும் கவிதைகளும் பெரும்பாலும் இரு வழிகளில் அடங்கிவிடுகின்றன. ஒன்று கண்ணீர்: பிரிந்த தாய், ஏங்கும் பிள்ளை, வராத கடிதம். மற்றது கண்டனம்: அத்தர் மணக்கத் திரும்புகிறவனின் ஆடம்பரம், தாய் இல்லாத வீட்டின் சீர்கேடு. முதலாவது வழி துயரைக் காட்டிக் காரணத்தை மறைக்கிறது. இரண்டாவது இன்னும் கொடியது. சமுதாயத்தின் பிழையைச் சென்றவள் தலையிலேயே சுமத்துகிறது.

மூதூரைச் சேர்ந்த ரிஸானா நபீக், வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டுடன் 2005இல் சவூதி அரேபியாவுக்கு அனுப்பப்பட்டாள். 2013 ஜனவரி 9ஆம் நாள் அங்கே அவளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அன்று பலர் கவிதை எழுதினர். அவ்வுணர்ச்சியை நாம் குறை கூறவில்லை. ஆனால் அவளை அனுப்பிவைத்த வறுமையையும், கடவுச்சீட்டைத் திருத்திய கைகளையும் அந்தக் கண்ணீர் எவ்வளவு தூரம் விசாரித்தது?

இவ்வகையில் புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய ‘துன்பக்கேணி’ இன்றும் நமக்கு ஓர் அளவுகோலாகும். அன்று கூலி தேடி இத்தீவுக்கு வந்தார்கள். இன்று இத்தீவிலிருந்து போகிறார்கள். அக்கதை தேயிலைத் தோட்டத்தில் தொடங்கவில்லை, வாசவன்பட்டியில் தொடங்குகிறது. போன இடத்தின் கொடுமையையும் போக வைத்த ஊரின் கொடுமையையும் ஒரே பார்வையில் அது பிணைத்துக் காட்டுகிறது. நம் வளைகுடாக் கதைகள் பலவற்றில் காணாமற்போவது இந்த வாசவன்பட்டியே.

அறுகம்குடாவுக்கு வருபவரைப் பகைவராகக் கருதுவதும் தவறு. அவருள் பலர் தம் நாட்டு வீட்டு வாடகையைக் கட்டமுடியாது வெளியேறிய சாதாரண உழைப்பாளிகள். அவர் செலவிடும் பணத்தால் நம் சமையற்காரரும் முச்சக்கரவண்டி ஓட்டுநரும் பிழைக்கிறார்கள் என்பதும் மறுக்கவொண்ணாதது. ஆனால் அவரைத் துரத்திய வாடகையும் நம்மவரைத் துரத்திய விலைவாசியும் ஒரே ஒழுங்கின் இரு முகங்கள் என்பதை எழுத்தாளன் காணவேண்டும். அப்போதே அவரும் நம்மவரும் ஒரே கதைக்குள் மனிதராக நிற்கமுடியும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று கூறுவோம். நமது வகுப்பறைகளில் தாயோ தந்தையோ வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ‘பிரிவு’ என்ற தலைப்பில் அவர்களிடம் கட்டுரை கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. முகவருக்குக் கொடுத்தது எவ்வளவு, அதற்கு வாங்கிய கடன் எவ்வளவு, மாதந்தோறும் வந்தது எவ்வளவு, வீட்டுச் சுவர் எந்த ஆண்டு எழும்பியது, கூரை எந்த ஆண்டு வந்தது என்று அவர்கள் விரும்பினால் எழுதட்டும். நாளைய கதையாசிரியன் அவ்வரிசையில் அமர்ந்திருந்தால், அவனுக்கு வேண்டிய மூலப்பொருள் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது.