எந்த அருவி, யாருக்கு?

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டதா என்று விசாரிப்பவர்கள், அதற்கு அடுத்தபடியாகக் கேட்பது ‘தண்ணி எப்படி விழுது?’ என்பதைத்தான். நம்மோடு யார் யார் குளிக்க வருகிறார்கள் என்ற கேள்வி கடைசிவரை எழுவதில்லை. மதுரைப் பக்கமிருந்து வரும் வேன் கடையநல்லூர் தாண்டி இலத்தூர் விலக்கை நெருங்கும்போது மேற்கே மலை தெரியும். உச்சியை மேகம் மூடியிருந்தால் வேனுக்குள் உற்சாகக் கூச்சல் கிளம்பும். அதே வேனில் மூட்டுவலியோடு ஒரு பாட்டி இருப்பார், மூன்று வயதுப் பிள்ளை இருக்கும், கல்லூரியில் படிக்கும் பையன்கள் இருப்பார்கள். ஆனால் போக வேண்டிய அருவி ஏற்கெனவே முடிவாகியிருக்கும்: எது அதிகம் கொட்டுகிறதோ அது. குற்றாலத்தை முழுதாக ரசிக்கவிடாமல் தடுப்பது இந்தப் பழக்கம்தான் என்பேன். கூட வரும் ஆட்களைப் பார்த்துத்தான் அருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ரிஷிகேசத்தில் ரப்பர் படகில் ராஃப்டிங் போகிறவர்கள் இந்தப் பாடத்தை நன்றாகக் கற்றிருக்கிறார்கள். அங்கே ஓடுவது ஒரே கங்கை; படகை இறக்கும் இடங்கள்தான் பல. பிரம்மபுரியில் இறங்கினால் ஏறத்தாழ 9 கிலோமீட்டர், சிவபுரியில் இறங்கினால் 16 கிலோமீட்டர். இன்னும் மேலே கௌடியாலாவில் இறங்கினால் தூரம் மட்டுமல்ல, ஆற்றின் சீற்றமும் கூடும். உலகம் முழுவதும் ஆற்றுச் சுழிப்புகளை 1 முதல் 6 வரை தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். 1 என்றால் லேசான ஓட்டம்; 6 என்றால் கைதேர்ந்தவர்களுக்கும் உயிராபத்து. நீர்மட்டம் ஏறினால் அதே இடத்தின் தரமும் ஏறிவிடும். அதனால்தான் மழைக்காலத்தில் ரிஷிகேசத்தில் ராஃப்டிங்கையே நிறுத்திவிடுகிறார்கள். குழுவில் சிறுவர் உண்டா, முதியவர் உண்டா, தண்ணீரைக் கண்டு பயப்படுகிறவர் உண்டா என்று கேட்டுக்கொண்டுதான் நல்ல வழிகாட்டி படகை எங்கே இறக்குவது என்று சொல்வார். குற்றாலத்திலும் மலை ஒன்று, அருவிகள் பல. தர எண்ணை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை. அதை நாமே படிக்கப் பழக வேண்டும்.

மெயினருவி என்று ஊரார் சொல்லும் பேரருவியிலிருந்து தொடங்கலாம். கீழே நிற்பவர் மேல் சிற்றாறு மலையுச்சியிலிருந்து நேராக விழுவதில்லை. வரும் வழியில் பாறையில் ஒரு ஆழமான குழி இருக்கிறது. பொங்குமாங்கடல் என்பது அதன் பெயர். மேலிருந்து வரும் தண்ணீர் முதலில் அதற்குள் விழுந்து, வேகம் அடங்கி, பிறகு பொங்கி வழிந்து சரிந்த பாறைமுகத்தில் விரிந்து இறங்குகிறது. அத்தனை உயரத்திலிருந்து வரும் அருவியின் அடியில் மனிதர்கள் தலை கொடுத்து நிற்க முடிவது அந்தக் குழியின் தயவால்தான். குளிக்கப் போகும் முன் எதிரே பாலத்துப் பக்கம் கொஞ்ச நேரம் நின்று இதைப் பார்ப்பது நல்லது. தண்ணீர் பாறையை ஒட்டி இறங்கினால் குழி தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். பாறையைத் தொடாமல் முன்னால் எகிறி, குளிக்கும் இடத்தில் கட்டியிருக்கும் ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் குழிக்கு மிஞ்சிய வெள்ளம் வருகிறது. அன்று அது குளிக்கும் அருவியல்ல, பார்க்கும் அருவி. இங்கே ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் உண்டு. இரவிலும் விளக்கு வெளிச்சத்தில் குளிக்கலாம். முதியவர்களோடு வருபவர்களுக்கு வாரநாளின் அதிகாலை தோதானது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தண்ணீரின் வேகத்தைவிட நெரிசலும் வழுக்கலும்தான் அவர்களை வதைக்கும்.

ஐந்தருவியில் ஒரே நீரோட்டம் பாறையில் பிரிந்து ஐந்து கிளையாக விழுகிறது. எல்லாக் கிளையும் ஒரே கனத்தில் விழுவதில்லை என்பதே அதன் சிறப்பு. ஒரு கிளை தோளை அமுக்கும்போது இன்னொன்று வெறுமனே தலையை நனைக்கும். பலவயதுக் குழு ஒன்றாகப் போய், அவரவருக்கு ஏற்ற கிளையில் நிற்கலாம். பழைய குற்றாலம் ஊரிலிருந்து தள்ளி, ஆயிரப்பேரிப் பக்கம் இருக்கிறது. நடக்கவும் படியேறவும் தெம்புள்ளவர்களுக்கு அது நல்ல இடம். சின்னப் பிள்ளைகளுக்குப் புலியருவியும் சிற்றருவியும் போதும். அங்கே தண்ணீர் பிள்ளையின் உயரத்துக்கு இணங்கி விழும். அழுகையோடு தொடங்கும் குளியல் சிரிப்பாக மாற நேரம் கிடைக்கும். மலைமேல் இருக்கும் செண்பகாதேவி அருவியும் தேனருவியும் வனத்துறைக் கட்டுப்பாட்டில் உள்ளவை. யாராவது ரகசிய வழி காட்டுகிறேன் என்றால் மறுத்துவிட வேண்டும். காட்டுக்குள் ஓர் அருவி பார்க்க ஆசைப்படுபவர்கள் செங்கோட்டை தாண்டி, கேரள எல்லைக்குள் ஆரியங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் பாலருவிக்கு முறைப்படி கட்டணம் செலுத்திப் போகலாம்.

‘வேகமாக விழுந்தால்தானே அருவி? லேசாக நனைவதற்கு வீட்டு ஷவர் போதாதா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இளவட்டங்களுக்கு அந்த அடி வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் தண்ணீரின் கனம் ஓர் அளவைத் தாண்டினால் உடம்பு ரசிப்பதை விட்டுவிட்டுத் தற்காப்பில் இறங்கிவிடும். மூச்சைப் பிடித்து, கண்ணை மூடி, கம்பியைப் பற்றிக்கொண்டு நிற்பவருக்கு அருவியின் குளிரும் தெரியாது, ஓசையும் தெரியாது. அளவான அருவியில் தண்ணீர் விட்டுவிட்டு, கனத்தும் மெலிந்தும் விழும் தாளம் முதுகுக்குப் பிடிபடும். மேலும், குற்றாலத்தில் ரசிக்கக் குளியல் மட்டும்தான் இருக்கிறது என்பதும் சரியல்ல. ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று இந்தப் பக்கம் நுழைவதால்தான் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெயிலும் சாரலும் மாறி மாறி வருகின்றன. அந்தச் சாரலில் உட்கார்ந்திருப்பதே ஒரு சுகம். ரசிகமணி டி.கே.சி. இந்த ஊரில் வாழ்ந்த காலத்தில் ராஜாஜியும் கல்கியும் தேடி வந்தது நல்ல பேச்சுக்கும் கவிதைக்கும் சேர்த்துத்தான். குளிக்க முடியாத பாட்டிக்குச் சித்திரசபையின் சுவரோவியங்களும், ஐந்தருவிச் சாலையில் இருக்கும் படகுக் குழாமும் உண்டு. அவரைத் துணிமூட்டைக்குக் காவல் வைத்துவிட்டுப் போவது ரசனை ஆகாது.

‘ஆபத்து என்றால் போலீஸ் தடை போடுமே, நாம் எதற்குக் கவலைப்பட வேண்டும்?’ என்பது அடுத்த வாதம். தடை அவசியம், போட்டால் மதிக்க வேண்டும். ஆனால் 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயது மாணவன் ஒருவனை அடித்துச் சென்றது. அது சீசன்கூட அல்ல, கோடை மழைக் காலம். செங்குத்தான பாறைச் சரிவில் பெய்யும் மழை நின்று நிதானிக்க இடமில்லை. மலைமேல் கொட்டித் தீர்த்தது சற்று நேரத்தில் கீழே வந்துவிடும். அப்போது கீழே வெயில்கூட அடித்துக்கொண்டிருக்கலாம். தெளிந்த தண்ணீர் செம்மண் நிறமாகக் கலங்குவது, சருகும் குச்சியும் சிறுகல்லும் சேர்ந்து விழுவது, இரைச்சல் திடீரெனக் கனப்பது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விசில் சத்தத்துக்குக் காத்திராமல் வெளியேற வேண்டும். வெளியேற எத்தனை நொடி ஆகும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். கல்லூரிப் பையன் தாவிவிடுவான்; பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஈரப்பாறையில் நடக்கும் தாய்க்கு அது முடியாது. தடை ஊருக்கெல்லாம் பொதுவானது. நம் பாட்டியின் முழங்காலையும் நம் பிள்ளையின் பயத்தையும் கணக்கில் எடுக்க நம்மைத் தவிர வேறு ஆளில்லை.

‘குடும்பமாக வந்துவிட்டு ஆளுக்கொரு அருவி என்று பிரிந்தால் சேர்ந்து வந்ததற்கு என்ன அர்த்தம்?’ என்ற குறை மிச்சம் இருக்கிறது. பிரிய வேண்டியதில்லை; வரிசைப்படுத்தினால் போதும். கூட்டம் சேருமுன் காலையில் எல்லாருமாகச் சின்ன அருவிக்கோ ஐந்தருவிக்கோ போய்ச் சேர்ந்து குளிக்கலாம். சாப்பாட்டுக்குப் பின் முதியவர்களும் பிள்ளைகளும் இளைப்பாறும் நேரத்தில், வேகம் வேண்டும் என்பவர்கள் மட்டும் மெயினருவிக்கோ பழைய குற்றாலத்துக்கோ போய்வரலாம். இந்த வரிசையில் முதல் இடத்தை முடிவு செய்யும் உரிமை குழுவில் அதிகம் தயங்குபவருக்கே இருக்க வேண்டும். அவருக்குச் சரிப்படும் அருவியில் மற்றவர்களும் குளிக்க முடியும். மற்றவர்களின் அருவியில் அவர் கரையில்தான் நிற்க வேண்டியிருக்கும். ஆகவே அறை எடுப்பதற்கும் வண்டி பேசுவதற்கும் முன்பே அவரிடம் கேளுங்கள். நான்கைந்து பேருக்குப் பதில் வேனில் வந்த அத்தனை பேரும் நனைந்து திரும்பினால்தான் குற்றாலம் போய்வந்ததாகக் கணக்கு.