முதல் கடல்நீர்த் தொட்டி: மும்பை வீட்டுக்கு எந்த அளவு?

மும்பையின் கிராஃபோர்டு மார்க்கெட்டிலும் குர்லாவிலும் உள்ள மீன்கடைகளில் கண்ணாடித் தொட்டி அடிக்கணக்கில்தான் விலை பேசப்படுகிறது என்பதால், கடல்மீன் வளர்க்க முதன்முதலாக முனைபவர் 'ஓரடியா, இரண்டடியா, மூன்றடியா' என்ற கேள்வியோடுதான் கடைக்குள் நுழைகிறார். நன்னீர் மீனுக்கு அந்தக் கேள்வியே பெரும்பாலும் போதுமானது. கடல்நீர்த் தொட்டியிலோ நீளத்தைவிட நீரின் ஆழமே தொடக்கநிலையாளரைக் காப்பாற்றுகிறது. கடைக்காரர்களும் வாங்குபவர்களும் போதிய கவனம் செலுத்தாத இந்த உண்மையை முன்வைத்தே நான்கு அளவுகள் இங்கே ஒப்பிடப்படுகின்றன.

அந்த நான்காவன: ஓரடிக் கனசதுரம் (28 லிட்டர்), 2×1×1 அடி (57 லிட்டர்), 2×1½×1½ அடி (127 லிட்டர்), 3×1½×1½ அடி (191 லிட்டர்). மணல், பாறை, மேல்விளிம்பில் விடும் இடைவெளி ஆகியவற்றைக் கழித்தால் இவற்றில் உண்மையில் நிற்கும் நீர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். மூன்றாவது தொட்டியில் 100 லிட்டரும் நான்காவதில் 150 லிட்டரும் எனக் கொள்ளலாம்.

கடல்நீரின் உவர்ப்பு, அதாவது ஒரு கிலோ நீரில் கரைந்துள்ள உப்பின் எடை, சுமார் 35 கிராம். தொட்டியிலிருந்து நீர் ஆவியாகும்போது உப்பு பின்தங்கிவிடுவதால் மிஞ்சிய நீர் நாளுக்கு நாள் கடுமையாகிறது. விசிறி ஓடும் அறையில் நீர்மட்டம் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் இறங்குவதாகக் கொண்டு, வீட்டார் மூன்று நாள் ஊருக்குப் போய்விட்டதாகவும் வைத்துக்கொண்டால், 28 சென்டிமீட்டர் ஆழமுள்ள நீரில் உவர்ப்பு 35இலிருந்து 37ஐத் தொட்டுவிடும். 42 சென்டிமீட்டர் ஆழத்தில் அது 36.3இல் நிற்கும். இந்தக் கணக்கில் நீளத்துக்கு இடமே இல்லை. ஓரடி உயரமுள்ள இரண்டடித் தொட்டி இரு மடங்கு நீரைக் கொண்டிருந்தும், உவர்ப்பு விஷயத்தில் ஓரடித் தொட்டியைவிடச் சிறிதும் பாதுகாப்பானதன்று என்பதால், மலிவு கருதி 2×1×1 வாங்குபவர் பணத்துக்கேற்ற பலனைப் பெறுவதில்லை.

வெப்பமும் மூச்சுக்காற்றும் அடுத்த சோதனை. 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் 8.3 மில்லிகிராம் ஆக்ஸிஜனை ஏற்கும்போது கடல்நீர் 6.7 மில்லிகிராமையே ஏற்கிறது. மே மாதத்திலோ அக்டோபர் வெயிலிலோ தொட்டி 32 டிகிரிக்குப் போனால் அதுவும் 6க்கு இறங்கிவிடுகிறது. நீர்ப்பரப்பின்மேல் சிறு விசிறி வைத்து ஆவியாக்கிக் குளிர்விப்பது வறண்ட ஊர்களில் நன்றாகவே பலன் தரும். மும்பையின் புழுக்கத்தில், ஆவியாதலால் நீர் எட்டக்கூடிய கீழெல்லையான ஈரக்குமிழ் வெப்பநிலை கோடையில் 27 டிகிரியை நெருங்கி நிற்பதால், எத்தனை விசிறி சுழன்றாலும் அதற்குக் கீழே நீர் குளிராது. குளிரூட்டும் கருவியான சில்லர் வைக்கலாம். ஆனால் அது நீரிலிருந்து எடுத்த வெப்பத்தை அதே அறைக்குள் தள்ளுவதால், பழைய குடிசை மறுவாழ்வுத் திட்டத்தின் 225 சதுரஅடி வீட்டில் மீனுக்குக் கிடைக்கும் குளிர்ச்சி மனிதருக்கு வெக்கையாகிறது. மின்தடை குறைவான நகரம் என்றாலும், 12 அக்டோபர் 2020 அன்று மின்கட்டமைப்புச் செயலிழந்து நகரமே நின்றபோது போல ஒரு நாள் வந்தால், நீர் குறைந்த தொட்டியில்தான் மீன்கள் முதலில் மூச்சுத் திணறும். மின்கலத்தில் ஓடும் காற்றுப்பம்ப் ஒன்று எந்த அளவுத் தொட்டிக்கும் கட்டாயம்.

மீன்கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அயல்நாட்டுக் கையேடுகள் இதற்குக் கடலிலிருந்து எடுத்த 'லைவ் ராக்' என்னும் உயிர்ப்பாறையைப் பரிந்துரைக்கின்றன. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் பவளங்களும் கடற்குதிரைகளும் சேர்க்கப்பட்டுவிட்டதால், நம் பவளத்திட்டிலிருந்து பெயர்த்தெடுத்த பாறையை வாங்குவது சட்டமீறலாகும்; உலர்ந்த பாறையும் பீங்கான் வடிபொருளும் புட்டியில் விற்கும் பாக்டீரியாவுமே நேரிய வழி. உலர்பாறையில் பாக்டீரியா மெதுவாகப் பெருகுவதால் தொடக்க மாதங்களில் தவறு தாங்கும் இடைவெளி குறைவு. உணவு மிஞ்சிப்போனாலோ ஒரு மீன் இறந்தாலோ எழும் அம்மோனியா, ஓரடித் தொட்டியின் 22 லிட்டர் நீரில் எட்டும் செறிவு 100 லிட்டரில் எட்டுவதைப் போல நான்கரை மடங்கு.

அப்படியானால் பெரிதாகவே வாங்கிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் கட்டடம் குறுக்கே வருகிறது. 2×1½×1½ தொட்டி நீர், பாறை, 10 மில்லிமீட்டர் கண்ணாடி, இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 190 கிலோ; மூன்றடித் தொட்டி 270 கிலோ, கீழே வடிகட்டும் துணைத்தொட்டியான சம்ப் வைத்தால் 300ஐத் தாண்டும். குடியிருப்பு அறைத் தளத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875 கொள்ளும் பயன்பாட்டுச் சுமை சதுரமீட்டருக்குச் சுமார் 200 கிலோ. அது அறை முழுவதற்குமான சராசரிக் கணக்கு என்பதால் நல்ல கான்கிரீட் தளம் மூன்றடித் தொட்டியின் எடையையும் எளிதில் ஏற்கும். எனினும் தொட்டியை அறை நடுவில் வைக்காமல், உத்தரம் ஓடும் சுவரை ஒட்டி வைக்க வேண்டும். மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில், கூரையில் கம்பி துருத்தி நிற்கும் தளமாக இருந்தால் பொறியாளர் பார்க்காமல் மூன்றடி வேண்டாம். செம்பூரின் புதிய அடுக்ககங்களில் இந்தத் தயக்கம் தேவையில்லை. தாராவியில் இரும்பேணி ஏறிச் செல்லும் மேலறைகளுக்கு எந்தக் கடல்நீர்த் தொட்டியும் பொருந்தாது; தரைத்தளத்தில் வைப்போர், 26 ஜூலை 2005இன் வெள்ளத்தை மறவாமல், ஸ்டாண்டையும் பிளக்கையும் உயர்த்தியே அமைக்க வேண்டும். உவர்நீர் தெறித்துக் காய்ந்து விளிம்பிலும் ஒயரிலும் வெள்ளையாகப் பூக்கும் உப்பு மெல்லப் பிளக்கை நோக்கி ஊர்ந்துவிடும் என்பதால், ஒயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி மேலேறுமாறு கட்டுவது உயிர்காக்கும் பழக்கம்.

நீர் சுமப்பதும் அளவைத் தீர்மானிக்கிறது. மித்தி ஆறு கலக்கும் மாஹிம் முகத்துவாரத்தின் நீர் கழிவு மலிந்தது. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் ஆர்.ஓ. நீரில் உப்புக்கலவையைக் கரைத்தே ஆக வேண்டும். வாரம் பத்து விழுக்காடு மாற்றும் வழக்கப்படி 100 லிட்டர்த் தொட்டிக்கு ஒரு வாளி, அதாவது 10 லிட்டர் நீரும் 400 கிராமுக்குச் சற்றுக் குறைந்த உப்பும் போதும். அந்த 10 லிட்டரைத் தர வீட்டு ஆர்.ஓ. கருவி அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீரைக் கழிவாகத் தள்ளும். குறிப்பிட்ட நேரம் மட்டுமே குழாயில் தண்ணீர் வரும் வீட்டில் இது சிறு சுமையன்று. அந்தக் கழிவுநீரைத் துணி அலசவோ தரை துடைக்கவோ பிடித்துவைப்பது நல்லது.

மீன் தேர்வு இதன்பின் எளிது. 100 லிட்டரில் ஓர் இணை கோமாளி மீன்களும் ஒரு சிறு கோபியும் நிம்மதியாக வாழும். மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவன மையங்கள் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையை உருவாக்கியிருப்பதால், கடலில் பிடித்ததை விலக்கி, பண்ணையில் பிறந்ததைக் கேட்டு வாங்குவதே முறை. நீல டாங் மீன் 30 சென்டிமீட்டர் வரை வளர்வது. இங்கு பேசப்பட்ட நான்கு தொட்டிகளில் ஒன்றிலும் அதற்கு இடமில்லை, 'குட்டிதானே' என்று கடையில் சொன்னாலும் வாங்கலாகாது.

ஆகவே, மும்பையின் சராசரித் தமிழ்க் குடும்பத்துக்கு முதல் தொட்டியாகப் பரிந்துரைக்கத்தக்கது 2×1½×1½ அடி. இடமும் உறுதியான தளமும் உள்ள செம்பூர் வீட்டார் மூன்றடிக்குப் போகலாம். 2×1×1 வாங்கும் எண்ணமுள்ளவர், உயரத்திலும் அகலத்திலும் அரையடி கூட்டித் தரும்படி கண்ணாடி வெட்டுபவரிடம் கேட்கட்டும். அதற்கான பணம் இல்லையெனில் சேரும்வரை காத்திருக்கட்டும், ஓரடித் தொட்டியில் கடல்மீனை விட வேண்டாம்.